காப்பி ஓடும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகும் ஃபைல் சர்வர்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோவில், ஆறு ஹார்ட் டிஸ்க் கொண்ட ஃபைல் சர்வர் ஒன்று மூன்று மாதமாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும்போது நாள்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். முகூர்த்தம் முடிந்து வந்து 200 ஜிபி வீடியோவை நெட்வொர்க் வழியாக ஏற்றத் தொடங்கினால், பத்தாவது நிமிடத்திலோ இருபதாவது நிமிடத்திலோ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகிவிடும். என்னிடம் வருவதற்கு முன்பே அவர்கள் நெட்வொர்க் கேபிளை மாற்றியிருந்தார்கள், ஸ்விட்சை மாற்றியிருந்தார்கள், இரண்டு முறை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே அழித்துப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பணமும் நேரமும் போனதே தவிர, கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தக் கோளாறைத் தேடும்போது முதலில் மனதில் பதிய வேண்டியது, காப்பி செய்வது பெரும்பாலும் காரணம் அல்ல, ஏற்கெனவே இருக்கும் ஒரு பலவீனத்தை வெளியே கொண்டுவரும் சுமை மட்டுமே என்பதாகும். ஒரு ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 110 எம்பி தரவு உள்ளே வருகிறது; வழக்கமான 1500 பைட் பாக்கெட் அளவில் அது வினாடிக்கு 80,000-க்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள். அவற்றை நெட்வொர்க் கார்டு வாங்க வேண்டும், பிராசசர் விழித்தெழுந்து கையாள வேண்டும், ரேமில் தற்காலிகமாக அடுக்க வேண்டும், எல்லா டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும், இவை அத்தனைக்கும் எஸ்.எம்.பி.எஸ். (கேபினெட்டுக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டி) மின்சாரம் கொடுக்க வேண்டும். சர்வர் சும்மா இருக்கும்போது இவற்றில் எதுவுமே சோதிக்கப்படுவதில்லை. ஆகவே ‘காப்பி செய்தால்தானே வருகிறது, நெட்வொர்க்தான் கோளாறு’ என்று முடிவு கட்டுவது தவறான வழியில் கொண்டுபோய் விடும்.

முதல் படி: தரவைக் காப்பாற்றுதல்

எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் ஃபைல் சிஸ்டம் சேதமாக வாய்ப்பு உண்டு. டிஸ்க்குகளை ரெய்டு முறையில் (ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் முறை) சேர்த்து வைத்திருந்தால், தரவு ஒரு டிஸ்க்கிலும் அதற்கான சரிபார்ப்புத் தகவல் இன்னொரு டிஸ்க்கிலுமாக எழுதப்படும் இடைவெளியில் நின்றுபோய், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். ரெய்டு இருப்பதை பேக்கப் இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. எனவே சோதனை எதையும் தொடங்கும் முன், முக்கியமான ஃபோல்டர்களை வெளியே எடுத்துவிட வேண்டும்.

வேகமாகக் காப்பி செய்தால் ரீஸ்டார்ட் ஆகும் சர்வரிலிருந்து எப்படி எடுப்பது? சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் இடையே பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒன்றை வையுங்கள். வேகம் வினாடிக்கு 11 எம்பி அளவுக்குக் குறைந்துவிடும். சுமையும் அதற்கேற்பக் குறையும். இரவு முழுவதும் ஓடவிட்டால் காலையில் 300 ஜிபிக்கும் மேல் வெளியே வந்திருக்கும். சத்துவாச்சாரி ஸ்டுடியோவில் அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஸ்விட்ச் ஒன்றை வைத்தே மூன்று இரவுகளில் எல்லாவற்றையும் எடுத்தோம். அந்த மூன்று இரவுகளிலும் சர்வர் ஒருமுறைகூட விழவில்லை. அதுவே ஒரு தடயம்.

டிஸ்க்குகளைக் கழற்ற நேர்ந்தால், எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்பதை மார்க்கர் பேனாவால் எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: அணைந்ததா, ரீஸ்டார்ட் ஆனதா?

‘ரீஸ்டார்ட் ஆகிறது’ என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொல்வதில் இரண்டு வேறு நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, மின்சாரம் போய்ச் சர்வர் அணைந்து, மின்சாரம் வந்ததும் மீண்டும் எழுவது. மற்றொன்று, மின்சாரம் இருக்கும்போதே மதர்போர்டோ ஆப்பரேட்டிங் சிஸ்டமோ ரீசெட் செய்வது. பெரும்பாலான ஃபைல் சர்வர்களில், கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்திருக்கும்படி பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கம்) அமைத்திருப்பார்கள். அதனால் இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். சோதனைக் காலத்தில் அந்த அமைப்பை நிறுத்தி வையுங்கள். அதன் பிறகு சர்வர் முழுவதுமாக அணைந்து கிடந்தால் கோளாறு மின்சார வழியிலோ அதிக வெப்பத்திலோ இருக்கிறது. பிராசசர் எல்லை மீறிச் சூடானால் மதர்போர்டு வழக்கமாக இயந்திரத்தை அணைத்துவிடுமே தவிர, மீண்டும் எழுப்பாது. அணையாமல் ரீஸ்டார்ட் ஆகியே வந்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நொடிப்பொழுதுத் தடுமாற்றம், ரேம், டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) ஆகியவை சந்தேகப் பட்டியலில் முன்னுக்கு வரும்.

கூடவே, அதே பிளக் வரிசையில் உள்ள ரவுட்டர் எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் அதன் நிர்வாகப் பக்கத்தில் பாருங்கள். ரவுட்டரும் அதே நிமிடத்தில் புதிதாக எழுந்திருந்தால், சர்வரைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

மூன்றாவது படி: பதிவேடுகளைப் படித்தல்

விண்டோஸ் என்றால் ஈவென்ட் வியூவரில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதன் கீழ் ‘சிஸ்டம்’ என்ற பகுதியைத் திறந்து, ரீஸ்டார்ட் ஆன நேரத்தை ஒட்டிய பதிவுகளைப் பாருங்கள். 1074 என்ற எண் இருந்தால், ஒரு பயனரோ ஒரு புரோகிராமோ, பெரும்பாலும் அப்டேட்டோ, முறையாகக் கேட்டுத்தான் ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. அப்படியானால் இது வன்பொருள் கோளாறே அல்ல. 6008 என்பது முந்தைய முறை எதிர்பாராமல் நின்றுபோனதைச் சொல்கிறது. 41 என்ற எண்ணை நிறையப் பேர் பார்த்து, ‘கெர்னல் பவர்’ என்ற பெயரை வைத்து மின்சாரக் கோளாறு என்று உடனே முடிவு செய்துவிடுகிறார்கள். அதன் பொருள், ஒழுங்காக நிறுத்தப்படாமல் சிஸ்டம் மறுபடி எழுந்தது என்பது மட்டுமே. அந்தப் பதிவின் விவரப் பகுதியைத் திறந்து ‘பக்செக் கோட்’ என்ற வரியைப் பாருங்கள். அது பூஜ்யம் என்றால், நீலத்திரைப் பிழையை எழுதிவைக்கக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது. பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் டிரைவரோ ரேமோ குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம், ‘மினிடம்ப்’ ஃபோல்டரில் அதற்கான கோப்பும் கிடைக்கலாம்.

லினக்ஸ் என்றால் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளைக்கு ‘மைனஸ் பி’, ‘மைனஸ் 1’ என்று கொடுத்து (journalctl -b -1), முந்தைய முறை ஓடியபோது பதிவான கடைசி வரிகளைப் படியுங்கள். ஜர்னல் பதிவுகள் டிஸ்க்கில் நிலையாகச் சேமிக்கப்படும்படி முன்பே அமைத்திருந்தால்தான் இது கிடைக்கும். கடைசி வரிகளில் பிழை எதுவும் இன்றி, சாதாரண வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பதிவு அறுந்து போயிருந்தால், மென்பொருளைவிட மின்சாரத்தின் மீதே சந்தேகம் வர வேண்டும்.

இந்தப் படியிலேயே இரண்டு அமைப்புகளை மாற்றிவிடுங்கள். விண்டோஸில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக் குறியை எடுத்துவிட வேண்டும். லினக்ஸில் கெர்னல் பேனிக் (சிஸ்டத்தின் மையப் பகுதியே நிலைகுலையும் பிழை) வந்தால் இத்தனை வினாடியில் ரீஸ்டார்ட் செய் என்ற மதிப்பைப் பூஜ்யமாக்க வேண்டும். அப்போது பிழை வந்தால் திரையில் அப்படியே நிற்கும். திரையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளலாம். வாட்ச்டாக் என்ற கண்காணிப்பு டைமர் இயங்கினால் அதையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். சர்வர் உறைந்துபோனால் அதை ரீசெட் செய்வதே அந்த டைமரின் வேலை என்பதால், உறைந்ததை ரீஸ்டார்ட் என்று நாம் தவறாக எண்ணிக்கொண்டிருப்போம்.

நான்காவது படி: டிஸ்க் வைத்திருக்கும் கணக்கு

பலர் கவனிக்காத ஒரு சாட்சி ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் ஸ்மார்ட் பட்டியலில் (தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் பட்டியல்), தனக்கு எத்தனை முறை மின்சாரம் போய் வந்தது என்பதை 12-ஆம் வரிசை எண்ணில் எண்ணி வைக்கிறது. மென்பொருளால் ரீஸ்டார்ட் ஆனால் டிஸ்க்குக்கு மின்சாரம் அறுவதில்லை. எனவே அந்த எண்ணிக்கை உயராது. மின்சாரமே அறுந்திருந்தால் ஒன்று கூடும்.

ஸ்டுடியோவில் இதை ஒரு தாளில் எழுதினேன். காப்பி தொடங்கும் முன் ஆறு டிஸ்க்கின் எண்ணிக்கையும், ரீஸ்டார்ட் ஆன பின் ஆறின் எண்ணிக்கையும். நான்கு டிஸ்க்குகளில் எண் மாறவே இல்லை. மூன்றாவதிலும் நான்காவதிலும் மட்டும் ஒன்று கூடியிருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றி அந்த இரண்டின் மின் கேபிளைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால், இரண்டும் ஒரே இணைப்பானில் முடிந்தன: பழைய நான்கு முள் மோலெக்ஸ் முனையிலிருந்து இரண்டு சாட்டா முனையாகப் பிரியும், அச்சில் வார்த்த மலிவு வகை. அதன் வெள்ளை பிளாஸ்டிக் ஓரிடத்தில் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. முகர்ந்தால் லேசான கருகல் வாசனை. உள்ளே கம்பிகள் தளர்ந்து, மின்னோட்டம் கூடும்போது சூடேறி, தொடர்பு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. இந்த வகை இணைப்பான்கள் தீப்பிடிப்பதும் உண்டு. எங்கு கண்டாலும் எடுத்துவிடுங்கள்.

அதே பட்டியலில் 199-ஆம் எண் கூடிக்கொண்டே போனால், சாட்டா டேட்டா கேபிளில் பிழை. 197, 198 ஆகியவற்றில் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், டிஸ்க்கின் பரப்பிலேயே படிக்க முடியாத இடங்கள் உள்ளன. இவை தனியாக ரீஸ்டார்ட் உண்டாக்குவது அரிது என்றாலும், கண்ட பின் விட்டுவைக்கக் கூடாது.

ஐந்தாவது படி: சுமையைத் தனித்தனியாகப் பிரித்தல்

இதுவே இந்த வழிகாட்டியின் நடுநாயகம். காப்பி என்பது நெட்வொர்க், டிஸ்க், பிராசசர், ரேம் என நான்கும் சேர்ந்த வேலை என்பதால், ஒவ்வொன்றையும் தனியாகப் பிழிந்து பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே மாற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்பது தெரியாது.

முதலில் நெட்வொர்க். ‘ஐபெர்ஃப்3’ என்ற இலவசக் கருவி, டிஸ்க்கைத் தொடாமல், ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்குத் தரவை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு திசைகளிலும் தலா ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். இங்கேயே சர்வர் விழுந்தால், நெட்வொர்க் கார்டு, அதன் டிரைவர், அது செருகியிருக்கும் ஸ்லாட் ஆகியவற்றோடு தேடல் முடிந்துவிடும்.

அடுத்து டிஸ்க். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, சர்வருக்குள்ளேயே ஒரு ஃபோல்டரிலிருந்து மற்றொன்றுக்கு 100 ஜிபிக்கும் மேல் காப்பி செய்யுங்கள். எல்லா டிஸ்க்குகளும் வேலை செய்ய வேண்டும் என்பது முக்கியம். ஒரே டிஸ்க்கில் செய்தால் மின்சுமை முழுமையாக ஏறாது.

மூன்றாவதாகப் பிராசசருக்கு மட்டும் சுமை தரும் கருவி ஒன்றை அரை மணி நேரம் ஓட்டுங்கள். நான்காவதாக ரேம். இதை ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு வெளியே, பென் டிரைவில் ‘மெம்டெஸ்ட்86+’ போட்டு, ஓர் இரவு முழுவதும் விட வேண்டும்; ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேம் குறையுள்ளது என்றே கொள்ள வேண்டும். காப்பியின்போது மட்டும் ரேம் கோளாறு தெரிவதற்குத் தெளிவான காரணம் உண்டு. சாதாரண நேரத்தில் சர்வர் தன் ரேமில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்தும். பெரிய கோப்புகள் வரத் தொடங்கியதும், ஆப்பரேட்டிங் சிஸ்டம் காலியாக உள்ள ரேம் முழுவதையும் தற்காலிகச் சேமிப்பாக நிரப்பிக்கொள்ளும். அதுவரை தொடாத பழுதான இடத்தை அப்போதுதான் தொடும்.

நான்கும் தனித்தனியாகத் தேறிவிட்டு, நெட்வொர்க்கும் டிஸ்க்கும் ஒரே நேரத்தில் ஓடும்போது மட்டும் விழுந்தால், என் அனுபவத்தில் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான் போய் நிற்கும்.

ஆறாவது படி: மின்சாரம்

எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் ‘450 வாட்ஸ்’ என்ற பெரிய எழுத்தை நம்ப வேண்டாம். அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசைக்கு (12 வோல்ட் மின்சாரம் தரும் இணைப்புத் தொகுதிக்கு) எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஆறு டிஸ்க் என்றால் 12 ஆம்பியர், அதாவது 144 வாட், அந்த ஒரு வரிசையிலேயே தேவை. மல்டிமீட்டரில் 12 வோல்ட் வரிசை 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் வரிசை 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளப்பதால் பயனில்லை. காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். அப்போதும் மில்லிவினாடி அளவிலான சரிவைச் சாதாரண மீட்டர் காட்டாது. ஆகையால் நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒருநாள் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பழையதைத் திறந்து பார்க்க முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பழைய வடாற்காட்டுப் பகுதிக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று இங்கே உண்டு. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் கூடத்தை ஒட்டிய ஒரு சிறு அலுவலகத்தில், சர்வர் காப்பி நேரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் எல்லாக் காப்பியிலும் அல்ல. ஸ்விட்ச் பெட்டிக்கு அருகில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, விழும் நேரத்தை எழுதச் சொன்னேன். பத்து நாளில் படம் தெளிந்தது: பக்கத்துக் கூடத்தில் பெரிய டிரம் மோட்டாரை ஓட்டத் தொடங்கும் நேரத்தோடு பெரும்பாலானவை பொருந்தின. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் அதிக மின்னோட்டத்தால் வோல்டேஜ் ஒரு கணம் தாழ்ந்து, அலுவலகத்தின் டியூப்லைட்கூடச் சிமிட்டும். அப்படியானால் சும்மா இருக்கும்போது ஏன் விழவில்லை? நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, உள்வரும் மின்சாரம் அறுந்தாலும் முழுச்சுமையில் ஏறத்தாழ 16 மில்லிவினாடி தாங்க வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிவினாடி. உள்ளே உள்ள கெப்பாசிட்டர் வயதாகி, வெயிலில் வற்றி, கொள்ளளவு குறைந்துவிட்டால், குறைந்த சுமையில் அந்தச் சரிவைத் தாண்டிவிடும், முழுச்சுமையில் தாண்டாது. இரண்டு சிறு குறைகள் ஒரே கணத்தில் சேரும்போதுதான் சர்வர் விழுந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றி, ஆன்லைன் வகை யு.பி.எஸ். (பேட்டரிக்கு மாறும் இடைவெளியே இல்லாத வகை) வைத்த பிறகு நின்றது.

யு.பி.எஸ். ஏற்கெனவே இருக்கிறதே என்பவர்கள் அதன் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் சிறிய 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். வோல்டேஜ் தாழ்ந்ததும் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாற, பேட்டரியோ சுமையைத் தாங்காமல் கைவிட்டுவிடும். பேக்கப் எடுத்த பிறகு, தேவையில்லாத கோப்புகளைக் காப்பி செய்துகொண்டே யு.பி.எஸ்.ஸின் பிளக்கை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் சர்வர் ஓடினால், அதன் பின்புற ஸ்விட்ச் ‘யு.பி.எஸ்.’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘நார்மல்’ நிலையில் மாறும் நேரம் கணினிக்குப் போதாத அளவு நீளும்.

எர்த்தையும் விட்டுவிடக் கூடாது. பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். அந்த அளவீட்டையும் அவரையே செய்யச் சொல்வது பாதுகாப்பு. பாலாறு வறண்டு மண் காய்ந்து கிடக்கும் மாதங்களில் எர்த் குழியும் காய்ந்து, அதன் மின்தடை கூடிவிடும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பெரியவர்கள் வழக்கமாக வைத்திருந்தது காரணத்தோடுதான்.

ஏழாவது படி: வெப்பம்

அக்னி நட்சத்திரத்தில் வேலூரின் வெளிவெப்பமே 40 டிகிரியைத் தாண்டும். மாடிப்படிக்குக் கீழே மூடிய அலமாரியில் இருக்கும் கேபினெட்டுக்குள் அது இன்னும் கூடும். பிராசசரை மட்டும் பார்க்காமல், மதர்போர்டு சிப்செட், டிஸ்க்குகளை இணைக்கும் கன்ட்ரோலர் கார்டு, நெட்வொர்க் கார்டு ஆகியவற்றின் ஹீட் சிங்க்கையும் பாருங்கள். பழைய பெரிய சர்வர்களிலிருந்து எடுத்து விற்கப்படும் கன்ட்ரோலர் கார்டுகள், பலத்த காற்றோட்டத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. சாதாரண கேபினெட்டில் அவற்றின் மேல் தனி விசிறி வைக்காவிட்டால் சூட்டில் தடுமாறும். எளிய சோதனை: பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை நேராகத் திருப்பி வைத்துக் காப்பி செய்யுங்கள். பத்து நிமிடத்தில் விழுந்தது இரண்டு மணி நேரம் தாங்கினால் விடை கிடைத்துவிட்டது.

எட்டாவது படி: நெட்வொர்க் கார்டும் டிரைவரும்

ஐந்தாவது படியில் ஐபெர்ஃப்3 சோதனையிலேயே விழுந்தவர்களுக்கு மட்டும் இது. டிரைவரை மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். மின்சேமிப்புக்கான ‘கிரீன் ஈத்தர்நெட்’ அமைப்பையும், பாக்கெட் வேலையைக் கார்டுக்கே ஒப்படைக்கும் ‘ஆஃப்லோடு’ அமைப்புகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பெரிய பாக்கெட்டுகளுக்கான ‘ஜம்போ ஃப்ரேம்’ போட்டிருந்தால் 1500-க்குத் திருப்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால், வேறு சிப் கொண்ட தனி நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகி, மதர்போர்டில் உள்ளதைப் பயாஸில் முடக்கிவிடுவதே குறுக்கு வழி. கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுத்த கேபிள் இருந்தால் அதைக் கழற்றி வைத்தும் ஒருநாள் பாருங்கள். இரண்டு கட்டடங்களின் எர்த் வேறுபட்டால் அந்த வழியாகவும் தொல்லை வரும்.

ஒன்பதாவது படி: சரியானதை உறுதி செய்தல்

பாகத்தை மாற்றியதும் ஒரே ஒரு காப்பி வெற்றியாக முடிந்ததை வைத்து வேலை முடிந்தது என்று சொல்லிவிடக் கூடாது. முன்பு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை விழுந்ததோ, அதைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு நேரமாவது நெட்வொர்க், டிஸ்க் இரண்டுக்கும் ஒருசேரச் சுமை கொடுத்து ஓட்ட வேண்டும். முடிந்தால் பகல் வெயில் நேரத்தில். பிறகு, சோதனைக்காக மாற்றிய பயாஸ், வாட்ச்டாக் அமைப்புகளைப் பழையபடி வையுங்கள். அடுத்து ஃபைல் சிஸ்டத்தை முழுமையாகச் சரிபார்க்க வேண்டும்: விண்டோஸில் ‘செக்டிஸ்க்’, லினக்ஸில் ‘எஃப்எஸ்செக்’, இசட்எஃப்எஸ் என்ற வகை ஃபைல் சிஸ்டம் என்றால் ‘ஸ்க்ரப்’.

கடைசியாக, ரீஸ்டார்ட் ஆன நேரங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அந்தந்த நேரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஃபோல்டர்களை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அளவு ஒன்றாக இருந்தால் போதாது. செக்சம் எண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட வேண்டும். சத்துவாச்சாரியில் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸும், மோலெக்ஸ் பிரிப்பான் இல்லாமல் நேராக வரும் சாட்டா கேபிள்களும் போட்ட பிறகு இரண்டு நாள் சுமை கொடுத்தோம், விழவில்லை. பிறகு பதினான்கு ரீஸ்டார்ட் நேரங்களை வைத்துக்கொண்டு மாலை முழுவதும் ஒப்பிட்டதில், இரண்டு கல்யாணங்களின் ஃபோல்டரில் ஐந்து வீடியோக்கள் பாதியில் அறுந்திருந்தன. ஒன்று தாலி கட்டும் நேரத்தில் எடுத்தது. கேமரா கார்டுகளை அந்த மாதம் அழிக்காமல் வைத்திருந்தார்கள். ஐந்தையும் கார்டிலிருந்து மறுபடி ஏற்றி, ஒவ்வொன்றையும் கடைசி வினாடி வரை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டுகளை அழிக்கச் சொன்னேன்.